உடல் மேற்பரப்பளவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கீமோதெரபி மருந்துகளின் டோஸ், உடல் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே குறிக்கப்படுகிறது. அதிகம் புழங்குவது 1987-ல் வந்த மோஸ்டெல்லர் சூத்திரம்: உயரத்தை (செ.மீ.) எடையால் (கிலோ) பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 170 செ.மீ., 70 கிலோ என்றால் 11,900 ÷ 3600 = 3.31, அதன் வர்க்கமூலம் 1.82 ச.மீ.

வர்க்கமூலத்தை மறந்தால் 3.31 என்றே நின்றுவிடும். உயரத்தை மீட்டரில் போட்டால் 0.18 வரும். இரண்டும் பார்த்ததுமே பிடிபடும். தொல்லை தருவது, நம்பும்படி இருக்கும் தப்பு விடைதான்.

5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதி 30.48-ஆல் பெருக்குவது அப்படி ஒன்று. 177.8 செ.மீ. உயரம் 155.4 ஆகிவிடும், 70 கிலோ ஆளுக்கு 1.86-க்குப் பதில் 1.74 வரும். யாருக்கும் சந்தேகமே எழாது. உயரத்தைக் கேட்டு எழுதாமல், செ.மீ. அளவுகோலில் நிற்கவைத்து அளந்துவிடுங்கள்.

உயரமும் எடையும் கட்டம் மாறினாலும் மோஸ்டெல்லரில் பாதகமில்லை, வெறும் பெருக்கல்தானே. 1916-ன் டுபாய்ஸ் சூத்திரத்தில் இரண்டுக்கும் அடுக்கு வேறு: மேலே சொன்ன 170, 70 இடம் மாறினால் 1.81-க்குப் பதில் 1.39 கிடைக்கும். சிறிய உடல்வாகு உள்ளவருக்கு இது சரியான எண் போலவே தெரியும். சிகிச்சையின் நடுவில் சூத்திரத்தையும் மாற்றாதீர்கள்.

பழைய எடையை வைத்தே ஓட்டுவது இன்னொன்று. 70 கிலோ 60 ஆகியிருந்தால் 1.82 என்பது 1.68, ச.மீ.க்கு 75 மி.கி. மருந்தில் 136 மி.கி. 126 ஆக வேண்டும். ஒவ்வொரு சுழற்சிக்கும் எடை பாருங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த எடை உடலின் எடை அல்ல. எதை எடுப்பது என்று மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

பருமனானவர்களுக்கு மேற்பரப்பளவு 2.0 ச.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று வழக்கமாக வெட்டுவதும் தவறு. உண்மையான எடைக்கு முழு டோஸ் தரவே அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012-ல் பரிந்துரைத்தது. வின்கிரிஸ்டின் போலத் தனி உச்சவரம்பு உள்ள மருந்துகளின் கதை வேறு. கார்போபிளாட்டின் என்ற மருந்துக்கோ பொதுவாகச் சிறுநீரகச் செயல்பாட்டை வைத்தே கணக்கு.

தீக்காயத்தில் கேட்கப்படுவது சதுர மீட்டர் அல்ல, உடல் மேற்பரப்பில் எத்தனை சதவீதம் வெந்தது என்பதுதான். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை சுமார் 1%. அது நோயாளியின் கையாக இருக்க வேண்டும். குழந்தையின் காயத்தைப் பெரியவர் கையால் அளந்தால் குறைத்து மதிப்பிடுவீர்கள். கொப்புளமின்றிச் சிவந்து மட்டும் இருக்கும் தோலைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஏற்றும் திரவம் தேவைக்கு மேல் போய்விடும்.