வானியல் புத்தகமும் வானியல் கூட்டமும்: ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் விண்மீன் வழிகாட்டி இங்கிலாந்தில் அச்சானது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய். கெட்டி அட்டை, கருநீலத் தாளில் வெள்ளைப் புள்ளிகள். சப்தரிஷி மண்டலம் ஒருபோதும் மறைவதில்லை, எந்த மாதத்திலும் பார்க்கலாம் என்று அதில் போட்டிருந்தது. மழை விட்ட ஒரு நவம்பர் இரவில் மொட்டை மாடி ஏறி வடக்குப் பக்கம் ஒரு மணி நேரம் தேடினேன். காணோம். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

கோளாறு கண்ணில் இல்லை, அட்சரேகையில். துருவ விண்மீன் ஓர் ஊரின் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 டிகிரிக்கு மேல், சென்னையில் 13. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி வரும். ஆக, சென்னைக்காரருக்குத் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி, ஒன்றிரண்டு விரல். என் வீட்டு மாடியில் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. லண்டனில் துருவத்தைச் சுற்றிச் சுற்றி வரும் சப்தரிஷி, இங்கே சில மாதங்கள் மாலையில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். புத்தகம் பொய் சொல்லவில்லை. அது எனக்காக எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இழப்பு தெற்கிலும் உண்டு. இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான விண்மீன் நம்மவர்கள் அகத்தியர் என்று சொல்லும் கனோபஸ். லண்டனில் அது உதிப்பதே இல்லை, அதனால் அங்கே அச்சான வழிகாட்டியில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கே தாழ்வாக நிற்கும் தென்சிலுவைக்கும் அதே கதிதான். இரண்டையும் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெறும் கண்ணால் பார்க்கலாம். (சிங்கப்பூர் வாசகர்கள் துருவ விண்மீனை மறந்துவிட்டுத் தெற்கையே நம்பலாம்.) ஆகவே வான்வரைபடப் புத்தகம் எடுத்தால் முதலில் தேட வேண்டியது, அது எந்த அட்சரேகைக்கு வரையப்பட்டது என்பதை. 10 முதல் 20 டிகிரி வடக்கு என்றால் வாங்கலாம். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் ஸ்டெல்லேரியம் மென்பொருளை இலவசமாக இறக்கி, உங்கள் ஊரை அதில் குறித்துவிட்டால் போதும். ஊரைக் குறிக்காமல் விட்டால் மறுபடியும் என் நவம்பர் கதைதான்.

அடுத்த தவறு, ஆண்டு பார்க்காமல் வாங்குவது. தமிழ்ப் புத்தகங்களில் இது கொஞ்சம் சிக்கலான விஷயம். 'பன்னிரண்டாம் பதிப்பு, 2022' என்று முன்பக்கத்தில் இருக்கும். உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. மறுஅச்சையும் பதிப்பு என்றே போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நான் கடையில் நின்றபடியே செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது: சனிக்கோளின் பக்கத்தைத் திருப்பி, துணைக்கோள் எத்தனை என்று பார்ப்பேன். 18 என்றிருந்தால் அந்த எழுத்து போன நூற்றாண்டைச் சேர்ந்தது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. புளூட்டோ ஒன்பதாவது கோள் என்றிருந்தால், அது கோள் இல்லை என்று 2006 ஆகஸ்டில் பிராகா நகரில் வானியலாளர்கள் எடுத்த முடிவு அந்தப் புத்தகத்துக்கு இன்னும் எட்டவில்லை. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டது 1995 இல். இன்று உறுதியான புறக்கோள்கள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன. பேரண்டம் விரிவது மட்டுமல்ல, விரியும் வேகமும் கூடுகிறது என்பது 1998 இல்தான் தெரிந்தது. அதற்கு முன் எழுதிய அண்டவியல் புத்தகத்தை வரலாறாகப் படிக்கலாம், பாடமாகப் படிக்கக் கூடாது.

அதற்காகப் பழைய புத்தகம் என்றாலே எடைக்குப் போட வேண்டியதில்லை. கிரகணம் எப்படி வருகிறது, நிலாவின் எந்தப் பள்ளத்தை எந்தப் பிறையில் பார்க்க வேண்டும், கோள் ஏன் சில காலம் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிகிறது ஆகியவற்றுக்கெல்லாம் வயதாகாது. வானம் பார்க்கக் கற்றுத்தரும் புத்தகம் பழையதாக இருக்கலாம், பேரண்டத்தின் கதை சொல்லும் புத்தகம் புதியதாக இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு வழுக்கல் இருக்கிறது: சொல்லும் எண்ணும். 'அண்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புத்தகத்தில் அது பால்வழியைப் போன்ற ஒரு விண்மீன் திரள். இன்னொருவர் புத்தகத்தில் மொத்தப் பிரபஞ்சம். அதே திரளுக்கு 'பேரடை' என்பார் ஒருவர், 'உடுத்திரள்' என்பார் மற்றொருவர். இரண்டு நூல்களை மாறி மாறிப் படிப்பவர் நடுவில் குழம்பினால் அது அவர் குற்றமில்லை. முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் எந்தச் சொல்லை எதற்கு வைத்திருக்கிறார் என்று அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எண்களில் மோசம் இன்னும் பெரிது. மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்து தவறினால் ஆயிரம் மடங்கு போய்விடும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, ஆண்ட்ரோமீடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில், ஓர் ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் அச்சுப்பிழை தானாகக் கண்ணில் படும். ஒளியாண்டைக் காலம் என்று நினைத்து 'பல ஒளியாண்டுகளுக்கு முன்' என்று எழுதும் நூலை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கில் தொடங்குவதும் தவறுதான். 1988 இல் வந்த 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' நூலில் சமன்பாடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று யாரோ சொன்னதாக அவரே நன்றியுரையில் எழுதியிருக்கிறார். சமன்பாடு இல்லாததால் எளிது என்று நம்பி வாங்கி, பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர். நானும் அதில் ஒருவன், இரண்டு முறை. நிலா ஏன் தேய்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு பந்தையும் விளக்கையும் வைத்துக் காட்ட வந்த பிறகு அதை எடுங்கள்.

சரி, கூட்டங்களுக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலானோர் முதலில் தவறுவது யாரிடம் எதைக் கேட்பது என்பதில். விண்வெளிப் பொறியியலும் வானியலும் வேறு வேறு தொழில். விண்கலம் செய்பவரிடம் கருந்துளைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது, நல்ல மெக்கானிக்கிடம் பெட்ரோல் பூமிக்கடியில் எப்படி உருவானது என்று கேட்பதைப் போல. மரியாதைக்கு ஏதாவது சொல்வார், ஆனால் அவரிடம் மட்டுமே கிடைக்கக்கூடிய பதிலை நீங்கள் இழந்துவிடுவீர்கள். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கலத்தை பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, சூரியனை மறைப்பே இல்லாமல் பார்க்க வைத்தது எப்படி என்பதைச் திட்ட இயக்குநராக இருந்த செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி போன்ற பொறியாளர்களிடம் கேட்க வேண்டும். சூரியனின் மேற்பரப்பைவிட அதன் வெளிமண்டலமான கொரோனா ஏன் பல மடங்கு சூடாக இருக்கிறது என்பதை, அந்தக் கலத்தின் கொரோனா கருவியைச் செய்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சூரிய ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் அந்த நிறுவனத்துடையதுதான். அழைப்பிதழில் பேச்சாளர் பெயருக்குக் கீழே உள்ள ஒரு வரியைப் படித்துவிட்டுப் போனால் போதும்.

அப்புறம் அந்தத் திருநள்ளாறு கேள்வி. நான் போன கூட்டங்களில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் எழுந்து, 'சனி பகவான் கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்று போகின்றனவாமே' என்று கேட்டிருக்கிறார். கோயிலுக்குப் போவதும் கும்பிடுவதும் அவரவர் நம்பிக்கை, அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் தாழ்வட்டப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் மூன்று நொடி கழித்து மறுபடி கிளம்பாது, விழுந்துவிடும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்க முடியும். அதற்குப் பேச்சாளரின் பத்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி நேரத்தில் எழுந்து ஐந்து நிமிடம் உரையாற்றுபவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியை அழைப்பிதழின் பின்னால் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பிறக்கவில்லை. நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து விஞ்ஞானி ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்து வந்துவிடுகிறது.

கேட்பதற்கு உகந்த கேள்வி ஒன்று உண்டு. அதை நான் வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதையிலிருந்து எடுத்துக்கொண்டேன். 1928 இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே இளங்கலை படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவருடைய அணு அமைப்பு நூலை ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். பேச்சோடு விடவில்லை, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டார். அந்தப் புத்தகத்தில் உள்ளது பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். எழுதிய ஆளே சொல்கிறார்! கூடவே, இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் புதிய குவாண்டம் புள்ளியியலின்படி எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றியது அது. இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அந்தப் புள்ளியியலை எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களுக்குப் பொருத்தித்தான், அவற்றின் நிறை சூரியனைப் போல் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற வரம்பை நோக்கி அவர் போனார். நோபல் பரிசு வர 1983 ஆனது.

புத்தகம் படிக்காமல் போயிருந்தால் அவருக்கு ஓட்டலில் பேச ஒன்றும் இருந்திருக்காது. கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் பழைய நூலையே இன்னும் சில காலம் நம்பியிருப்பார். அதனால் நான் இப்போதெல்லாம் பேச்சாளரின் துறையில் ஒரு நூலையாவது புரட்டிவிட்டுத்தான் போகிறேன். கூட்டம் கலைந்து அவர் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது, 'இந்தப் புத்தகத்தில் இப்போது எது தப்பாகிவிட்டது?' என்று கேட்கிறேன். அலுத்துப்போயிருக்கும் விஞ்ஞானியும் இந்தக் கேள்விக்கு நிமிர்ந்துவிடுகிறார். ஒருவர் என் கையிலிருந்த நூலை வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு பத்தியைப் பேனாவால் அடித்தார். கடையில் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டேன்.

வானம் பார்க்கும் நிகழ்ச்சி என்றால் தேதியைக் கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நம்பிப் போக முடியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பௌர்ணமியன்று போனால் விண்மீன்கள் வெளுத்துவிடும், நிலாவும் சப்பையாகத் தெரியும். பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவது அரை நிலாவில்தான். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் போகிறவர்கள் பலர், 1986 இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். அது ஆய்வுக்கு, பார்வையாளர்களுக்குச் சிறிய தொலைநோக்கி. கிளம்புமுன் அனுமதி நாளை விசாரித்துக்கொள்ளுங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், செல்போன் வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அது போச்சு. உங்களுடையது மட்டுமல்ல, வரிசையில் பின்னால் நிற்பவருடையதும்.