அடுத்தவர் அளவுச் சட்டை: உமிழ்வுக் காரணி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

நம் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, அதாவது பையரிடமிருந்து, கார்பன் கணக்கு கேட்டு எக்செல் ஃபைல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். இ.பி. பில், டீசல் பில், விறகு எடைச்சீட்டு எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி: 'எமிஷன் ஃபேக்டர், எங்கிருந்து எடுத்தது?' ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கூகுளில் தேடுகிறார், முதலில் கண்ணில் படும் எண்ணை எடுத்து ஒட்டுகிறார், மெயில் போய்விடுகிறது. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் என் மேசைக்கு வரும் கார்பன் கணக்குகள் பலவும் இப்படிப் பிறந்தவைதான்.

எமிஷன் ஃபேக்டர், அதாவது உமிழ்வுக் காரணி, ஒரு பெருக்கு எண். ஒரு யூனிட் கரண்ட், ஒரு லிட்டர் டீசல், ஒரு கிலோ நூல் இவற்றுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று அது சொல்லும். அதை யாரோ, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வருசத்தில் அளந்திருக்கிறார்கள். தையல்காரரிடம் அளவுச் சட்டை கொடுக்கும்போது அது யாருடைய சட்டை என்று பார்த்துத்தானே கொடுக்கிறோம். அந்தக் கவனம் இந்த எண்ணுக்கும் வேண்டும். ஏனென்றால் நாம் எழுதும் எண் நம்மோடு நிற்பதில்லை. பையரின் ஸ்கோப் 3 கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. (கம்பெனி தானே எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு ஸ்கோப் 1, வாங்கும் கரண்டினுடையது ஸ்கோப் 2, சப்ளையர், போக்குவரத்து போன்ற மற்றவை ஸ்கோப் 3.)

கரண்டில் நான் செய்த தவறு

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன். ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டில் 12 லட்சம் யூனிட். இணையத்தில் எங்கும் கிடைக்கும் யூனிட்டுக்கு 0.82 கிலோ என்ற காரணியால் பெருக்கினேன்: 984 டன். சில வருசம் கழித்து அடுத்த கணக்கு. யூனிட் 12 லட்சத்து 10 ஆயிரம். இந்த முறை மத்திய மின்சார ஆணையம் 2023-24ஆம் நிதியாண்டுக்குத் தந்த 0.727ஐ எடுத்தேன்: 880 டன். பத்து சதவீதத்துக்கு மேல் குறைப்பு! முதலாளிக்கு அவ்வளவு சந்தோசம், கேட் பக்கத்திலேயே போர்டு எழுதி மாட்டிவிட்டார்.

அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு, அங்கே ரொம்ப வருசமாக வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன் அண்ணன் என்னிடம் வந்து கேட்டார்: "ஏனுங்க, மீட்டரு போன தடவையவிடக் கூடத்தானுங்க ஓடியிருக்குது. நாம என்னத்தக் கொறைச்சமுங்க?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஒரு மோட்டார்கூட மாற்றவில்லை. நான் பெருக்கிய எண்தான் மாறியிருந்தது.

நடந்தது இதுதான். ஆணையம் ஒவ்வொரு வருசமும் இந்திய மின்துறைக்கான கார்பன் தரவுத்தொகுப்பை வெளியிடுகிறது. 0.727 அதன் 20ஆம் பதிப்பில் உள்ள சராசரி. அதில் காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. பழைய 0.82 அவற்றைச் சேர்க்காத சராசரி. இரண்டும் ஒரே ஆணையத்தின் எண்தான், ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. அடிப்படை ஆண்டையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் சேர்த்த அதே முறைக்கு மாற்றித் திரும்பக் கணக்குப் போட்டபோது, நாங்கள் பெருமையாகச் சொன்ன குறைப்பில் பெரும்பகுதி கரைந்துபோனது. மிச்சம் இருந்ததும் கிரிட் (நாட்டின் மின் கட்டமைப்பு) செய்த வேலை, கம்பெனி செய்தது இல்லை. பையருக்குத் திருத்தம் அனுப்பினோம், போர்டும் இறங்கியது.

இதே தொகுப்பில் இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு. சராசரிக்குப் பக்கத்திலேயே 'ஆபரேட்டிங் மார்ஜின்', 'பில்டு மார்ஜின்', 'கம்பைன்டு மார்ஜின்' என்று எண்கள் இருக்கும். அவை கார்பன் கிரெடிட் திட்டங்கள் எவ்வளவு உமிழ்வைத் தவிர்த்தன என்று கணக்கிடுவதற்கானவை. கம்பெனியின் வருடாந்திரக் கணக்குக்கு வேண்டியது சராசரி மட்டுமே. அடுத்தது, இந்தச் சராசரி மின்நிலையத்திலிருந்து வெளியேறும் இடத்தில் எடுத்தது; அங்கிருந்து நம் மீட்டர்வரை கம்பியில் போகும் இழப்பு இதில் இல்லை. இழப்பை ஸ்கோப் 3இல் தனியாகக் காட்டவேண்டும், இதற்குள்ளேயே ஏற்றிவிடக் கூடாது.

'தென்மண்டல கிரிட்' என்று தனிக் காரணி போட்டு வரும் அறிக்கைகளையும் இன்னும் பார்க்கிறேன். 2013 டிசம்பர் 31 அன்று தெற்கு கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டுகளோடு இணைந்துவிட்டது. இன்று இருப்பது ஒரே தேசிய கிரிட், ஒரே காரணி. அது வருசா வருசம் இறங்கியே தீரும் என்றும் நினைக்க வேண்டாம். 2022-23க்கு 0.716 இருந்தது, அடுத்த வருசம் 0.727க்கு ஏறியது.

காத்தாடி நம்முடையது, காற்று யாருடையது?

பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் பனியன் கம்பெனிகள் நிறைய. 'எங்கள் கரண்ட் முழுக்கக் காத்தாடி, அதனால் பூஜ்யம்' என்று எழுதிவிடுகிறார்கள். பசுமைக்குடில் வாயுக் கணக்குக்கான உலக விதிமுறை ஜி.எச்.ஜி. புரோட்டோகால்; 2015இல் வந்த அதன் ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டு எண்களைக் கேட்கிறது. முதலாவது இடம் சார்ந்தது: காற்றாலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்த மொத்த யூனிட்டையும் கிரிட் சராசரியால் பெருக்குவது. இரண்டாவது சந்தை சார்ந்தது: இ.பி. பில்லில் காற்றாலைக் கணக்கில் கழித்த யூனிட்டுக்குப் பூஜ்யம், மிச்சத்துக்குக் கிரிட் சராசரி.

அந்தப் பூஜ்யத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதே யூனிட்டுக்கான ஆர்.இ.சி. (புதுப்பிக்கத்தக்க மின்சாரச்) சான்றிதழை வேறொருவருக்கு விற்றிருந்தால், அந்தப் பசுமையையும் சேர்த்தே விற்றாகிவிட்டது. கேட்டால் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இது தெரியும். கணக்கு எழுதுகிறவர் போய்க் கேட்பதில்லை. இன்னொன்று, யூனிட்டை இ.பி. பில்லில் கழித்த அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். காற்றாலை மீட்டரில் ஓடியதற்கும் பில்லில் கழிவதற்கும் நடுவே வீலிங் இழப்பு (இ.பி. கம்பி வழியாகக் கொண்டுவரும்போது போவது) இருக்கிறது.

விறகு

நம் ஊர்ச் சாயப்பட்டறைகளில் நீராவி பெரும்பாலும் விறகில்தான் வருகிறது. கணக்கில் இரண்டு விதமாகவும் தப்பு செய்கிறார்கள். விறகு மரம், மரம் இயற்கை, ஆகவே பூஜ்யம் என்பார்கள் ஒரு சாரார். நிலக்கரி மாதிரி முழுசாக ஸ்கோப் 1இல் ஏற்றிவிடுவார்கள் மறு சாரார்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி எண்களை வைத்து ஒரு டன் விறகுக்குப் போட்டுப் பார்ப்போம். வெப்பம் 15.6 ஜிகாஜூல். ஜிகாஜூலுக்கு 112 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக மொத்தம் சுமார் 1,750 கிலோ. இது மரம் வளரும்போது காற்றிலிருந்து உறிஞ்சியது என்பதால் ஸ்கோப்புகளுக்கு வெளியே, 'உயிர்ப்பொருள் கார்பன்' என்று தனி வரியில் காட்ட வேண்டும். எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1இல் வரும். ஐ.பி.சி.சி. ஐந்தாம் அறிக்கையின் புவிவெப்ப எண்களில் (ஒரு வாயு கார்பன் டை ஆக்சைடைவிட எத்தனை மடங்கு வெப்பம் கூட்டும் என்ற எண்) அவை இரண்டும் சேர்ந்து சுமார் 30 கிலோ. நாளைக்குப் பத்து டன் எரிக்கும் பட்டறைக்கு, 300 நாளில் ஸ்கோப் 1இல் கிட்டத்தட்ட 90 டன், தனி வரியில் 5,200 டன்னுக்கு மேல். எந்த வரியை விட்டாலும் கணக்கு கெட்டது.

அந்த 15.6 காய்ந்த விறகுக்கான எண் என்பதையும் மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் லாரியில் வந்து இறங்கும் சீமைக்கருவேலத்தை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பட்டையை உரித்தால் விரல் நனையும். எடைச்சீட்டில் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை. பாய்லர்காரரிடம் கேட்டால், "ஈர வெறகுன்னா ஒண்ணேகால் மடங்கு போடோணுமுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மாதம் ஒருமுறை ஈரப்பதம் பார்த்து எழுதிவைத்தால், வெளிநாட்டுத் தரவுத்தளம் எதுவும் தராத துல்லியம் நம் யார்டிலேயே கிடைத்துவிடும்.

நிலக்கரி எரிப்பவர்களுக்கும் இதே கதைதான். ஐ.பி.சி.சி. அட்டவணையில் பிட்டுமினஸ் நிலக்கரிக்கு டன்னுக்கு 25.8 ஜிகாஜூல். கிலோவுக்கு 4,000 கிலோகலோரி தரும் சாம்பல் மிகுந்த நிலக்கரியில் 17கூடத் தேறாது. அட்டவணை எண்ணை அப்படியே போட்டால் டன்னுக்கு 2,440 கிலோ வரும்; உண்மையில் வருவதோ 1,600 கிலோவுக்குள். நிலக்கரி வந்த பில்லோடு லேப் ரிப்போர்ட் இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள். அதில் மொத்த வெப்பம் போட்டிருக்கிறதா, நிகர வெப்பம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.பி.சி.சி. காரணிகள் நிகர வெப்பத்துக்கானவை, அதாவது நீராவியோடு போய்விடும் வெப்பத்தைக் கழித்தது.

பிரிட்டன் டீசலும் நம் டீசலும்

பிரிட்டன் அரசு வருடந்தோறும் வெளியிடும் காரணித் தொகுப்பு ரொம்ப நேர்த்தியானது, இலவசம் வேறு. அதனாலேயே எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். ஆனால் அதில் முதலில் தெரியும் டீசல் அவர்கள் பெட்ரோல் பங்கில் விற்கும், உயிரி எரிபொருள் கலந்த டீசல், லிட்டருக்கு 2.5 கிலோ அளவில் வரும். கலப்பில்லாத டீசலுக்கு ஐ.பி.சி.சி. எண்ணிலிருந்து போட்டால் 2.65 முதல் 2.68 வரை வரும். நம் ஜெனரேட்டருக்கு அதுதான் பொருந்தும். லாரிக்கும் அவர்கள் சாலை, அவர்கள் வண்டி, அவர்கள் சராசரி சுமை. இந்திய ஜி.எச்.ஜி. புரோகிராம் 2015இலேயே நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்துக்கென்று காரணிகள் வெளியிட்டது. கொஞ்சம் பழசாகிவிட்டாலும் நம் வண்டிகளுக்கு எடுத்தவை. தூத்துக்குடிக்குப் போகும் நாமக்கல் லாரி திரும்பும்போது காலியாக வருகிறதா, சுமையோடு வருகிறதா என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அதைவிட நல்ல கணக்கு கிடைக்கும்.

விமானச் சரக்கில் ஒரு வார்த்தை: அதே பிரிட்டன் தொகுப்பில், உயரத்தில் பறப்பதால் வரும் கூடுதல் வெப்ப விளைவைச் சேர்த்த எண்ணும் சேர்க்காத எண்ணும் தனித்தனியாக உண்டு. சேர்ப்பதற்கான பெருக்கை 2023இல் 1.9லிருந்து 1.7ஆகக் குறைத்தார்கள். எதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

சாயத்துக்கு உலக சராசரி

இதுதான் எனக்கு ரொம்ப வெசனமான இடம். ஒரு கிலோ பின்னலாடைத் துணிக்குச் சாயம் போட எவ்வளவு கார்பன் என்று உலகத் தரவுத்தளங்களில் எண் கிடைக்கும். அதைத் திருப்பூருக்கு அப்படியே போட முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், அதன் பிறகு நொய்யலில் ஒரு சொட்டுச் சாயநீரும் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலைக்கு வந்ததையும் இங்கே இருப்பவர்கள் மறக்க முடியாது. ஆர்.ஓ., அதற்குப் பிறகு நீரை ஆவியாக்கும் இவாப்பரேட்டர், கடைசியில் உப்பு மீட்பு. இவ்வளவுக்கும் கரண்ட் வேண்டும், நீராவி வேண்டும். கழிவைச் சுத்திகரித்து ஆற்றில் விடும் ஊரில் அளந்த எண்ணில் இந்தச் செலவு இருக்காது.

இன்னொரு சிக்கல், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்ட் பட்டறையின் இ.பி. பில்லில் வராது. அதனால் சொந்தத் தரவு வைத்துக் கவனமாகக் கணக்குப் போடும் பட்டறைகூட இதை விட்டுவிடுகிறது. நிலையம் அனுப்பும் மாதப் பில்லில் எத்தனை கிலோலிட்டர் என்று இருக்கும். ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட், எத்தனை கிலோ விறகு என்று நிலையத்திடம் எழுதிக் கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் இரண்டு வாரத்தில் கொடுத்தார்கள்.

கிலோ என்றால் எந்தக் கிலோ என்பதும் இங்கேதான் வந்து நிற்கும். சாயம் போடாத காடா துணியின் கிலோவா, சாயம் போட்டுக் காம்பாக்டிங் (சுருக்கம் எடுப்பது) முடிந்த துணியின் கிலோவா, பெட்டியில் போன பனியனின் கிலோவா? கட்டிங் வேஸ்ட் போனபிறகு மூன்றும் வேறு வேறு எடை. கோவை ஃபவுண்டரிகளிலும் உருக்கிய டன், விற்ற டன் என்று இதே குழப்பம் உண்டு. நூலுக்கு கவுன்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற எண்) கேட்காத காரணியை நம்பவே வேண்டாம். 20ஆம் கவுன்ட்டைவிட 40ஆம் கவுன்ட்டுக்கு ஸ்பின்டில் அதிக நேரம் ஓடுகிறது, கரண்டும் அதற்கேற்ப ஏறுகிறது.

பணத்தை வைத்துப் போடும் காரணிகளைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொகுப்பில் ஒரு டாலருக்கு இத்தனை கிலோ என்று இருப்பது அவர்கள் விலைக்கு, குறிப்பிட்ட ஒரு வருசத்து டாலருக்கு. பஞ்சு விலை ஏறினால் அந்தக் கணக்கில் நம் உமிழ்வும் ஏறும், வாங்கியது அதே எடையாக இருந்தாலும்.

மீத்தேனின் புவிவெப்ப எண் ஐ.பி.சி.சி.யின் நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாவதில் 28. ஒரே ஷீட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இப்போது நான் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், எக்செலில் ஒரு தனி ஷீட் திறந்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஒவ்வொரு காரணிக்கும் ஒரு வரி: எண், அலகு, வெளியிட்டவர், பதிப்பு, எந்த வருசத்துத் தரவு, எந்த நாடு, எந்தெந்த வாயு சேர்ந்தது, எரிபொருளைத் தோண்டிக் கொண்டுவரும் உமிழ்வு உள்ளே இருக்கிறதா, யார் எடுத்தது, எந்தத் தேதியில். அந்த எலக்ட்ரீசியன் அண்ணன் இருக்கும் கம்பெனியில் இன்னொரு கட்டமும் சேர்த்திருக்கிறோம்: 'போன வருசம் போட்ட எண்'. அது மாறியிருந்தால், ஏன் மாறியது என்று பக்கத்தில் எழுதாமல் அந்த வரியை மூடுவதில்லை.