மேசையைக் கலைப்பதற்கு முன் கேளுங்கள்: ஸ்டில் லைஃப் படங்களுக்குக் கருத்துப் பெறும் முறை

ஸ்டில் லைஃப் படம், அதாவது அசையாத பொருள்களை அடுக்கிவைத்து எடுக்கும் படம், எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு, மற்ற வகைப் படம் எடுப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டவருக்கு மறுநாள் யார் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் அந்த நொடி திரும்பக் கிடைக்காது. பித்தளைச் சொம்பையும் நான்கு மாங்காய்களையும் வைத்துப் படமெடுத்தவரோ, பொருள்கள் அதே மேசையில் இருக்கும்வரை, கேட்ட கருத்தை அரை மணி நேரத்துக்குள் சோதித்துப் பார்த்துவிடலாம். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் புதிதாகக் கேமரா வாங்கியவர்களில் பலர், படம் எடுத்த கையோடு பொருள்களை அடுக்களைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, நாள்கள் கழித்து யாரிடமாவது காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். அப்போது கிடைக்கும் பதில் நல்லதாகவே இருந்தாலும் அதைக் கொண்டு செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கருத்துக் கேட்பதைப் படம் எடுக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதற்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. ஓசூர் ரோஜாவின் இதழ் மாலைக்குள் சோர்ந்துவிடும். ராயக்கோட்டைத் தக்காளி சில நாள் தாங்கும், ஆனால் அதன் காம்பிலுள்ள பச்சை சீக்கிரம் வாடிவிடும். பெங்களூரா மாங்காய் வீட்டு வெப்பத்தில் நாளுக்கு நாள் நிறம் மாறும். ஆகவே கருத்துக் கேட்டுப் பழகும் காலத்தில் பித்தளைப் பாத்திரம், மண்சட்டி, திருகைக்கல், கேழ்வரகு நிரப்பிய படி, ஓட்டோடு இருக்கும் புளியம்பழம் போன்ற, காத்திருக்கக்கூடிய பொருள்களை எடுத்துக்கொள்வது நல்லது. புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் 1837-இல் எடுத்து இன்றும் எஞ்சியிருக்கும் படத்தில் இருப்பவை சுண்ணத்தில் வார்த்த சிற்பங்களும் பிரம்பு பின்னிய ஒரு குப்பியும் போன்ற பொருள்கள்தான். நெடுநேரம் வெளிச்சம் பட்டால்தான் படம் பதியும் என்றிருந்த அந்தக் காலத்தில் அசையாத பொருள்களே அவருக்குக் கைகொடுத்தன. அந்தப் பொறுமை இன்று நமக்கு வேறொரு விதத்தில் பயன்படுகிறது.

பொருள்களை அடுக்கி முடித்ததும், ஒவ்வொன்றின் அடியையும் சாக்பீஸாலோ சிறு டேப் துண்டாலோ குறித்துவிடுங்கள். டிரைபாடின் மூன்று கால்களுக்கும் தரையில் அதே போல அடையாளம் வையுங்கள். பிறகு, மேசை, ஜன்னல், கேமரா, வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மாகோல் அட்டை ஆகிய எல்லாம் ஒன்றாகத் தெரியும்படி, பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் உங்கள் நல்ல படத்தோடு இந்தச் சாதாரணப் படத்தையும் காட்டினால், நீங்கள் பத்து வாக்கியத்தில் விளக்கினாலும் புரிய வைக்க முடியாததை அவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். மணி எத்தனை, ஜன்னல் எந்தத் திசை, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), ஷட்டர் (வெளிச்சம் பதியும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு மணி மிக முக்கியம், ஏனென்றால் காலை எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னலில் விழும் வெளிச்சம் பத்து மணிக்கு அதே வெளிச்சமாக இருப்பதில்லை. திருத்தி எடுப்பதை மறுநாள் அதே நேரத்தில் செய்தால்தான் இரண்டு படங்களையும் நியாயமாக ஒப்பிட முடியும்.

யாரிடமும் காட்டும் முன் நீங்களே களையக்கூடிய குறைகளைக் களைந்துவிடுங்கள். லென்ஸைத் துடைத்தல், டியூப் லைட்டை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்தல், மேசை விளிம்பை நேராக்குதல் ஆகியவற்றுக்கு இன்னொருவரின் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

இனி, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. ஒருவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். உங்கள் ஊர் ஸ்டுடியோ வைத்திருப்பவர் கல்யாணமும் காதணி விழாவும் எடுப்பவராக இருக்கலாம். ஆனாலும் முகத்தில் வெளிச்சம் விழும் விதத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்த கண் அது, வெளிச்சத்தையும் நிறத்தையும் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஓவிய ஆசிரியருக்குக் கேமரா தெரியாமல் இருக்கலாம். ஆனால் பானையும் பழமும் வைத்துப் பென்சிலால் வரையச் சொல்லிக்கொடுத்தவர் அவர், எந்தப் பொருள் எதை மறைக்கிறது, எங்கே இடைவெளி போதவில்லை என்பது அவருக்கு உடனே தெரியும். மூன்றாமவரைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்: பொருளை அறிந்தவர். மாங்காய்ப் படத்தை மண்டியில் காய் தரம் பிரிப்பவரிடம் காட்டிப் பாருங்கள். காம்பிலிருந்து பால் வடிந்து தோல் கருத்திருப்பதையும், கிளிமூக்கு எனப்படும் அந்த வளைந்த நுனி கேமராவுக்குப் பின்பக்கம் திரும்பியிருப்பதால் அது பெங்களூராவா வேறு காயா என்றே தெரியாமல் போவதையும் அவர்தான் சொல்வார். இந்தக் கருத்து எந்தப் படக்கலை வகுப்பிலும் கிடைக்காது.

வீட்டாரிடமும் கேட்கலாம், ஆனால் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். நம் பக்கத்தில் ஒருவர் ஆசையாகக் காட்டும் படத்தை முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. 'சூப்பர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ஒரே ஒரு வித்தியாசம் உள்ள இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு போய், "அத்தை, இதுல ஒண்ணை மாட்டணும்னா எதை மாட்டுவீங்க?" என்று கேளுங்கள். தேர்ந்தெடுப்பதில் யாரையும் புண்படுத்தும் பயம் இல்லை என்பதால் உண்மையான பதில் வரும். அதற்குப் பிறகு "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம்தான் கடினம். 'அன்னைக்கு மேகமா இருந்துச்சு', 'லென்ஸ் சாதாரண லென்ஸ்' என்று நீங்கள் விளக்கத் தொடங்கிய உடனே, எதிரில் இருப்பவர் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார்.

ஸ்டுடியோக்காரரிடமும் ஓவிய ஆசிரியரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணா, உங்க கண்ணு மொதல்ல எங்க போகுது?" என்பது. நீங்கள் எதைக் காட்ட விரும்பினீர்கள் என்பதை அதுவரை சொல்லாதீர்கள். அவர் சொல்லும் இடமும் நீங்கள் நினைத்த இடமும் ஒன்றாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். வேறாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து அதை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் பட்டறைகள் நிறைய உண்டு என்பதால், மெருகேற்றிய கறுப்புக் கல்லில் அறுத்து மிஞ்சிய ஒரு துண்டு பலருக்கு எளிதில் கிடைக்கிறது. அதன்மேல் ஒரு பித்தளைச் சொம்பையும், அதன் காலடியில் மூன்று மாங்காய்களையும் வைத்து ஒரு மாணவர் படமெடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மாங்காய்கள்தாம் படத்தின் மையம் என்பது அவர் எண்ணம். பார்த்தவரோ, "கண்ணு சொம்போட வயித்துல இருக்கற வெள்ளைக் கோட்டுக்குப் போகுது" என்கிறார். அந்தக் கோடு ஜன்னலின் பிரதிபலிப்பு. சொம்பு ஒரு வளைந்த கண்ணாடி; அறையில் இருக்கும் எல்லாமே அதில் தெரியும், படமெடுப்பவரின் சிவப்புச் சட்டை உட்பட. இதற்குப் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடி) வாங்கச் சொல்லும் யோசனை அடிக்கடி வரும். கிரானைட்டின் பளபளப்பையும் மாங்காய்த் தோலின் பளபளப்பையும் போலரைசர் குறைக்கும். ஆனால் உலோகத்தின் பிரதிபலிப்பை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே தொங்கவிட்டால், அந்தக் கூர்மையான கோடு அகன்று மென்மையான ஒளிப்பட்டையாக மாறும். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்தினால் சொம்பின் விளிம்பு தெளிவாகும். கறுப்பு உடை அணிந்து, சற்றுத் தள்ளி நின்று, ஜூமில் டைமர் வைத்து எடுத்தால் சட்டையும் மறையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: படத்தின் பெரும்பகுதி கறுப்புக் கல்லாக இருந்தால், கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயன்று படத்தை வெளிறச் செய்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தில் பதியும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 1 வரை இறக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடக் கூடாது. வேட்டியை மட்டும் தொங்கவிட்டு ஒரு படம், பிறகு கறுப்பு அட்டையோடு ஒரு படம், பிறகு எக்ஸ்போஷரை இறக்கி ஒரு படம் என்று தனித்தனியாக எடுத்தால்தான், எந்தக் கருத்து எதைச் சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த புகழ்பெற்ற படத்தின் பெயரிலேயே 30 என்ற எண் இருக்கிறது. குடைமிளகாயையே திரும்பத் திரும்ப எடுத்துவந்த அவர் பின்னணியாகப் புனலை வைத்ததும், அதன் உட்புறம் வெளிச்சத்தைச் சுற்றிலுமிருந்து திருப்பிக் கொடுத்து அந்தக் காயின் வளைவுகளைத் திரட்டிக் காட்டியது.

கிடைக்கும் கருத்துகளில் பல தெளிவில்லாத சொற்களில்தான் இருக்கும். 'டல்லா இருக்கு' என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்போஷர் குறைவா, வெளிச்சமும் நிழலும் போதிய அளவு வேறுபடவில்லையா, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) நீலத்துக்குச் சாய்ந்துவிட்டதா என்று மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 'ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு' என்றால், பிரிண்ட்டின் மேல் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி ஒவ்வொரு பொருளாக மறைத்துக் காட்டி, எதை மறைக்கும்போது அவருக்கு மூச்சு விட முடிகிறது என்று கேளுங்கள். 'தட்டையா இருக்கு' என்பது பெரும்பாலும் வெளிச்சம் கேமரா இருக்கும் திசையிலிருந்தே நேராக விழுவதைத்தான் குறிக்கும். இதைக் கண்ணால் கற்றுக்கொள்ள நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. வயல் ஓரங்களிலும் ஊர் எல்லைகளிலும் நிற்கும் நடுகற்களை உச்சி வெயிலிலும், மாலைச் சாய்வெயிலிலும் போய்ப் பாருங்கள். நண்பகலில் வெறும் பலகையாகத் தெரியும் கல்லில், வெளிச்சம் பக்கவாட்டில் உரசிச் செல்லும் நேரத்தில் வீரனின் வாளும் வில்லும் எழுத்தும் எழுந்து வரும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. திருகைக்கல்லின் சொரசொரப்பைப் படத்தில் கொண்டுவர வேண்டியவர் மேசையைத் திருப்பி வைக்க வேண்டிய கோணம் இதிலிருந்து விளங்கிவிடும்.

இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இருவர் படத்தின் ஒரே இடத்தைச் சுட்டினால், அந்த இடத்தில் சிக்கல் இருப்பது உறுதி. அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து வேறுபடலாம், இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். இடத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, மருந்தை மேசையில் சோதித்து நீங்கள் கண்டுபிடியுங்கள். அவரவர் ரசனையைச் சார்ந்த கருத்துகளை, உதாரணமாக 'பூ ஒண்ணு வெச்சிருக்கலாம்' என்பதை, நன்றி சொல்லிவிட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

நேரில் காட்ட முடியாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, படத்தைப் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படுகிறது, படத்துக்குள் பதிந்திருக்கும் ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களும் போய்விடுகின்றன. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போனில் போட்டிருக்கும் மஞ்சள் திரை வசதியை அணைத்துவிட்டு, வெயில் படாத இடத்தில் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் படத்தின் நிறத்தைப் பற்றி அவர் சொல்வது அவருடைய திரையின் நிறத்தைப் பற்றியதாகிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு படங்களுக்கு மேல் வேண்டாம். முடிந்தவரை 6-க்கு 4 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் காட்டுவதே என் விருப்பம். கையில் பிடித்த தாளைப் பார்ப்பவர் திரையைத் தள்ளிக்கொண்டு போவதைப் போல அவசரப்படுவதில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் போகும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்த நாள்களில் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் உட்கார்ந்து பேசுவார். ஆடி தொடங்கும் சமயத்தில் பெங்களூரா மாங்காயின் கடைசி வரத்தும் சந்தையில் இருக்கும் என்பதால், படத்தைக் காட்டிவிட்டு வந்த அன்றே அதே மாதிரிக் காய் வாங்கித் திருத்தி எடுக்க முடியும். திருத்திய படத்தைப் பழைய படத்தோடு சேர்த்து, அந்த வாரத்துக்குள்ளேயே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரிண்ட்டை அவர் கடையிலேயே போட்டு, அதற்குரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தான் சொன்னதை ஒருவர் செய்து பார்த்திருக்கிறார் என்று கண்டவர், முதல் தடவை தயங்கிச் சொல்லாமல் விட்டதை இரண்டாவது தடவை சொல்வார்; அதைக் கேட்கும்போது நோட்டு கையில் இருக்கட்டும்.