தெருவில் வாழும் மனநோயாளருக்காகக் குரல் கொடுப்பது எப்படி?

சென்னையில் மேம்பாலத்தின் அடியிலோ பேருந்து நிலையத்திலோ மனநோயுடன் வாழும் ஒருவரைக் கண்டதும், "இவரை எங்காவது கொண்டுபோய் விடுங்கள்" என்று அதிகாரிகளிடம் கேட்பவர்களே அதிகம். அந்தக் கோரிக்கையை முதலில் கைவிட வேண்டும். சிகிச்சையையும் தங்குமிடத்தையும் அதன் பிறகான கவனிப்பையும் அவருடைய உரிமையாகக் கேட்பதே நாம் செய்ய வேண்டியது.

முதலில் அவரிடமே பேசுங்கள். அவருடைய பையைத் தொடாதீர்கள், பழைய ஓ.பி. சீட்டும் மாத்திரை அட்டையும் ஆதார் நகலும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், நடைபாதையைச் சுத்தம் செய்யும்போது அது குப்பையோடு போய்விட்டால் அவருடைய சிகிச்சையும் அங்கேயே அறுந்துவிடும். ஒப்புதல் இல்லாமல் படமெடுத்துப் பரப்புவது உதவி ஆகாது.

தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் அவர் இருந்தால் காவல் நிலையத்தை அணுகலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 100-ஆவது பிரிவின்படி, அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்தில் சேர்ப்பிப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது, வீடற்றவராயின் காணாமற்போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தையும் தேட வேண்டும். இந்தப் பிரிவின் நகலைக் கையோடு கொண்டு செல்லுங்கள், மனு கொடுத்ததற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் கட்டணம் கேட்டால் 18-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டலாம்: வீடற்றவர்களுக்கு அரசு மனநல நிறுவனங்களில் சிகிச்சை இலவசம், வறுமைக்கோட்டு அட்டை தேவையில்லை.

உண்மையான பற்றாக்குறை இதற்குப் பிறகுதான் தெரியவரும். 1794-இல் தொடங்கப்பட்டு, இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநலக் காப்பகமோ மாவட்ட மருத்துவமனைகள் சிலவற்றில் உள்ள அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையமோ ஒருவரைத் தேற்றி அனுப்பினாலும், மாத்திரை தீர்ந்ததும் யார் வாங்கித் தருவார், எங்கே படுப்பார் என்பதற்கு விடை இருப்பதில்லை. குடும்பம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் 19-ஆவது பிரிவு, சமூகத்துக்குள் வாழ்வதற்கான இல்லங்களை ஏற்படுத்தும் பொறுப்பையும் அரசிடமே ஒப்படைக்கிறது. நம் குரல் பெரும்பாலும் ஒலிக்காமல் போகும் இடம் இதுதான். அழுத்தம் கொடுக்க வேண்டியதும் இங்கேதான்.

அதற்குச் சான்று வேண்டும். சேர்க்க மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் தேதி, இடம், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை, நோயாளியின் பெயரை விட்டுவிட்டு, எழுதி வையுங்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகம் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. மாநகராட்சியில் எத்தனை உள்ளன, அவற்றுள் எத்தனைக்கு மனநல மருத்துவர் வந்துபோகிறார் என்று 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் உங்கள் குறிப்புகளையும் இணைத்து மாமன்ற உறுப்பினருக்கும் ஆணையருக்கும் மனு கொடுங்கள். நேரில் பேசச் செல்லும்போது, தெருவில் வாழ்ந்து மீண்ட ஒருவரை, அவர் விரும்பினால், உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் காப்பகம் மனநோயாளர் என்றதும் கதவைச் சாத்துகிறது என்பதை அதிகாரியிடம் அவரே சொல்லட்டும்.