கரண்டு ஒயரில் இன்டர்நெட்: முறை தெரியாமல் செய்யும் தவறுகள்

டெல்டாவின் பழைய வீடுகள் அகலத்தை விட நீளம் அதிகம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று போய்க் கொல்லையில் மாட்டுக்கொட்டகையில்தான் முடியும். நடுவில் வரும் சுண்ணாம்புச் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ரேழியில் வைத்த ரவுட்டரின் வைஃபை கூடத்தைத் தாண்டினாலே பெரிது. கொட்டகையில் கேமரா வேண்டும், ஆனால் சுவரைக் குடையக் கூடாது என்பவர்களுக்கு நான் பவர்லைன் அடாப்டரைத்தான் சொல்வேன். ஒன்றை ரவுட்டர் பக்கத்துப் பிளக்கில் செருகி, லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றைக் கொட்டகைப் பிளக்கில் செருகி, அதேபோல் கேமராவோடு. ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் கரண்டு ஒயரே டேட்டாவையும் சுமந்துபோகும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓட, டேட்டா அதன் மேல் ஏறிக்கொண்டு சுமார் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளில் போகிறது. புதிய வகைகளில் இது 86 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும்.

சரி, பிறகு ஏன் பாதிப் பேர் வாங்கி ஒரு மாதத்தில் பரணில் போடுகிறார்கள்? அந்த ஒயர் தன் கருவிக்கு மட்டுமே உரியது என்று ஒவ்வொருவரும் நினைப்பதால்தான். நம் பக்கத்துக்காரர்களுக்கு முறைப்பாசனத்தைச் சொன்னால் போதும். வாய்க்கால் ஒன்று, மடை பல. ஒருவர் பாய்ச்சும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அடாப்டர்களும் அப்படித்தான்: நான்கு செருகியிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். பரவலாக உள்ள ஹோம்பிளக் ஏவி என்ற வகையில் ஏதாவது ஒரு அடாப்டர் தானாகவே, மடையைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையை எடுத்துக்கொண்டு, யாருக்கு எப்போது திறப்பு என்று மற்றவற்றுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவது

அட்டைப்பெட்டியில் 600, 1000 என்று எம்பிபிஎஸ் கணக்குப் போட்டிருக்கும். அது ஆய்வகத்தில் ஒயர் மேல் கிடைக்கும் கச்சா வேகம். 600 என்று போட்ட சில அடாப்டர்களில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். இதை விடப் பெரிய தவறு, வேகத்தைப் பார்த்துவிட்டு நேரத்தைப் பார்க்காமல் விடுவது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கூடத்து டிவிக்கு உள்ள அடாப்டர் நல்ல இடத்தில் இருக்கிறது, நிஜத்தில் 80 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. டிவிக்கு 8 போதும் என்றால், ஒயரின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் செலவு. கொட்டகை அடாப்டர் கடைமடை. சிக்னல் தேய்ந்து 20 எம்பிபிஎஸ்தான் வருகிறது. அங்கே ஒரு கேமரா 8 எம்பிபிஎஸ் அனுப்பினால் அதற்கு மட்டும் நேரத்தில் 40 சதவீதம் போய்விடும். இரண்டு கேமரா என்றால் 80 சதவீதம். டிவியையும் சேர்த்தால் 90. ஒயரில் கொஞ்சம் இரைச்சல் கூடி வேகம் குறைந்தாலே டிவியில் வட்டம் சுற்றும், வீட்டில் எல்லோரும் டிவியைத் திட்டுவார்கள். மெதுவாகப் பேசுகிறவர் எல்லோருடைய முறையையும் தின்றுவிடுகிறார் என்பது யாருக்கும் தோன்றாது.

இதற்கு விலை கூடிய அடாப்டர் தேவையில்லை. கேமரா செட்டிங்கில் போய், படத்தை நன்றாகச் சுருக்கும் எச்.265 முறையைத் தேர்ந்தெடுத்து, பிட்ரேட்டை, அதாவது கேமரா அனுப்பும் வேகத்தை, 2 எம்பிபிஎஸ் என்று நிறுத்துங்கள். 40 சதவீதம் 10 ஆகிவிடும். முழுத் தெளிவுள்ள படம் கேமராவிலேயே மெமரி கார்டில் பதிவாகட்டும், ஒயரில் சின்னப் படம் வந்தால் போதும். இரவில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனதா என்று பார்க்க அது தாராளம்.

எங்கே செருகுகிறோம்

ஸ்பைக் பஸ்டரில் செருகுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மின்சாரத்தில் வரும் உயர் அலைவரிசை அழுக்கை வடிகட்டுவது அந்தப் பெட்டியின் வேலை. அடாப்டரின் டேட்டாவும் அதன் கண்ணுக்கு அழுக்குதான். ஸ்டெபிலைசருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் பின்னால் செருகினாலும் இதே கதி. சுவர்ப் பிளக்கில் நேராகப் போடுங்கள். அந்தப் போர்டிலேயே மலிவான போன் சார்ஜரைச் செருகாதீர்கள், அது நாள் முழுக்க அடாப்டரின் காதருகே இரைந்துகொண்டிருக்கும். மிக்ஸி இன்னும் மோசம். அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தீப்பொறி பறக்க ஓடுவதால் சட்னி அரைபடும் வரை படம் துண்டு துண்டாக வரும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் சில எல்இடி பல்புகளும் இதே ரகம். அதனால் காலை பதினோரு மணிக்கு வீடு அமைதியாக இருக்கும்போது சோதித்துவிட்டு நன்றாக வேலை செய்கிறது என்று கிளம்பாதீர்கள். மாலை ஏழு மணிக்கு எல்லாம் ஓடும்போது பாருங்கள்.

இன்வெர்ட்டர் லைனும் கவனிக்க வேண்டியது. ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைன் பிளக்கிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தால், கரண்டு இருக்கும்போது ஒப்புக்கு ஓடும், போனதும் நின்றுவிடும். கேமரா அதிகம் தேவைப்படுவதே கரண்டு போகும் ராத்திரியில்தானே.

பேஸ் மாறிய கதை

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீடு, மூன்று பேஸ் (மும்முனை) இணைப்பு. அடாப்டர் இரண்டும் ஒரே பேஸில் இருக்கும்படி பார்த்துத்தான் மாட்டினேன். பகலெல்லாம் கொட்டகைக் கேமரா அருமையாக வரும், பொழுது சாய்ந்தால் போய்விடும். கேமராவை மாற்றினேன், லேன் கேபிளை மாற்றினேன். மூன்றாம் நாள் மாலை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறரை மணி இருக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. வீட்டுப் பெரியவர் எழுந்துபோய் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருந்த பேஸ் மாற்றும் சுவிட்சை ஒரு திருப்புத் திருப்பினார். ஃபேன் வேகமெடுத்தது. என் போனில் கேமரா செத்தது.

“என்னங்க ஐயா பண்ணுனீங்க?”

“லோ வோல்டேஜ் தம்பி. தெனம் சாயங்காலம் பேஸ மாத்தி விட்டுருவேன்.”

முன்கட்டு வேறு பேஸுக்குப் போய்விட்டது, கொல்லை பழைய பேஸிலேயே நிற்கிறது. பேஸ் விட்டுப் பேஸ் சிக்னல் தாவவே தாவாது என்றில்லை. பக்கம் பக்கமாக ஓடும் ஒயர்களில் கொஞ்சம் கசியும், ஆனால் அதை நம்பி வேலை செய்ய முடியாது. தப்பு என்னுடையதுதான், அந்த சுவிட்ச் எந்த அறைகளை மாற்றுகிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ரவுட்டர் இருக்கும் பிளக்கையும் கொட்டகை லைனையும் அந்த சுவிட்சுக்கு முன்னால், ஒரே பேஸில் எடுத்துக் கொடுத்தோம். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலை.

இதே காரணத்தால் வயலில் உள்ள மோட்டார் கொட்டகைக்கு வீட்டிலிருந்து பவர்லைனில் நெட் கொண்டுபோக நினைக்காதீர்கள். அது தனி சர்வீஸ், தனி மீட்டர், பெரும்பாலும் தூரமும் அதிகம். வேறு டிரான்ஸ்பார்மர் என்றால் முடியவே முடியாது. அடாப்டரை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இரண்டு பேஸுக்கு நடுவே கட்டிப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம். அது 240 வோல்ட் வரை தாங்கும் கருவி, இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரும் அதே வாய்க்காலில்

கும்பகோணத்து ஒட்டு வீடுகளிலும், ஒரே சர்வீஸில் இருந்து போர்ஷன் பிரித்த வீடுகளிலும் சிக்னல் சுவரோடு நிற்காது. ஹோம்பிளக் ஏவி அடாப்டர்கள் 128 பிட் ஏஇஎஸ் பூட்டு போட்டுத்தான் பேசுகின்றன. ஆனால் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் எல்லாம் ஒரே சாவியோடு வரும். இரண்டு வீட்டிலும் அப்படியே செருகினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். ஜோடி சேர்க்கும் ‘பேர்’ (Pair) பட்டனை ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்தினால் உங்களுக்கென்று புதுச் சாவி உருவாகும். மூன்றாவதாக ஒன்று சேர்க்கும்போது, ஏற்கெனவே ஓடுவதில் பட்டனைச் சும்மா தட்ட வேண்டும். பத்து நொடி போல அழுத்திப் பிடித்தால் பல மாடல்களில் அது கூட்டத்தை விட்டே விலகிவிடும்.

ஜி.எச்.என் என்று இன்னொரு வகை பவர்லைன் அடாப்டர் உண்டு, அதை ஹோம்பிளக்கோடு கலக்க முடியாது. ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல். வாங்கும்போது பெட்டியில் பாருங்கள்.

அப்புறம் பழைய ரவுட்டரைத் தூக்கி எறிய மனமில்லாமல் கொல்லை வைஃபைக்காக அடாப்டரில் மாட்டுவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதில் ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்துவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஐபி முகவரி பிரித்துக் கொடுப்பார்கள், தவறான கையிலிருந்து வாங்கிய போனில் வைஃபை இருக்கும், நெட் இருக்காது. வேகம் இரட்டிப்பாகும் என்று இரண்டு அடாப்டரை ஒரே ரவுட்டரில் குத்துகிறவர்களும் உண்டு. தகவல் வளையமாகச் சுற்றி மொத்த வீட்டு நெட்டும் படுத்துவிடும்.

ஸ்பைக் பஸ்டர் போட முடியாத கருவி என்பதால் இடிக்கு இதற்கு மறைப்பு இல்லை. ஐப்பசியில் வானம் கறுத்தால் அடாப்டர்களைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், கூடவே ரவுட்டரில் செருகிய லேன் கேபிளையும் உருவிவிடுங்கள். கேபிளை மறந்ததால் அடாப்டரோடு ரவுட்டரும் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.