இரவில் மின்னும் கண்: பக்கியா, சருகுமானா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் இருட்டியபின் கண் மின்னினால், டார்ச் லைட்டை நெற்றியோரம் பிடியுங்கள். இடுப்பருகே பிடித்தால் கண்ணில் பட்ட ஒளி உங்கள் பார்வைக்குத் திரும்பாது. பலர் தவறவிடுவது இதனால்தான்.

தரையோடு ஒட்டிச் செந்தணலாக மின்னினால் பெரும்பாலும் பக்கி என்னும் இரவுப் பறவை. கிட்டே போனால் சத்தமில்லாமல் எழும்பும். ஆணுக்குச் சிறகிலும் வாலோரத்திலும் வெள்ளைத் திட்டு தெரியும். கூடு கட்டாது, சருகின் மேலேயே முட்டையிடும். அதனால் அது எழுந்த இடத்தில் தயவுசெய்து கால் வைக்காதீர்கள்.

கண் ஒரு சாண் உயரத்தில் இருந்து, அசையாமல் நின்று, சட்டென்று புதருக்குள் பாய்ந்தால் சருகுமான். மலாய்க்காரர்கள் சொல்லும் கஞ்சில். கொம்பு கிடையாது. ஆணுக்கு மேல்வாயில் கோரைப்பல் நீண்டிருக்கும்.

சத்தம் இன்னும் நம்பகமானது. தச்சர் பலகையில் அடிப்பதுபோல் நிதானமாக 'டொக்... டொக்...' என்றால் பக்கி. மலாயில் அதன் பெயரே 'புரோங் துக்காங்', அதாவது கைவினைஞர் பறவை. மிரண்ட சருகுமான் பின்னங்காலால் தரையைப் படபடவென்று தட்டிவிட்டு நிறுத்திவிடும்.

மழை விட்ட மறுநாள் காலையில் ஈரமண்ணைப் பாருங்கள்: விரல்நுனி அளவு இரட்டைக் குளம்புத் தடம் இருந்தால் சருகுமான்தான். ஆட்டுத் தடம் அதைவிடப் பெரிது.