கரையில் ஒருவர் காத்திருக்கிறார்: குடும்பப் பயணத்தில் டைவிங் திட்டமிடுவோர் செய்யும் தவறுகள்

“40 நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கடலில் இறங்கினேன். நீருக்கடியில் இருந்தது 48 நிமிடம். என் கணக்கில் அது தாமதமே இல்லை. கரையில் இருந்தவர்களின் கணக்கு வேறு. சிலிண்டரைச் சுமந்து போனது, அலை ஓயக் காத்திருந்தது, நீரோட்டம் இழுத்ததில் எங்கோ தள்ளிக் கரையேறியது, அங்கிருந்து கூழாங்கற்களில் தட்டுத்தடுமாறி நடந்து வந்தது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது என் மனைவி முழங்காலளவு நீரில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எனக்காக விரித்துப் பிடித்திருந்த துண்டு அலையில் நனைந்து போயிருந்தது. அன்று மாலை வீட்டார் யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை.

டைவிங் பித்துப் பிடித்தவர்கள் குடும்பத்தோடு வெப்பமண்டலக் கடற்கரைக்குப் போகும்போது செய்யும் பெரிய தவறு இதுதான். மூழ்கிக் கிடக்கும் எந்தக் கப்பல், எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை சிலிண்டர் என்று வாரம் முழுவதையும் நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் இடுக்குகளில் பிள்ளைகளைச் செருகுகிறார்கள். தலைகீழாகச் செய்து பாருங்கள். டைவ் செய்யாதவருக்கு நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, குழந்தை குளிக்க அலையடங்கிய இடம் எங்கே என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு அருகில் டைவ் தேடுங்கள். கரையிலிருந்தே இறங்கும் டைவ்கள் குடும்பஸ்தர்களுக்கு வரப்பிரசாதமாவது இதனால்தான். படகின் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. காலை 6 மணிக்கு இறங்கினால் பிள்ளைகள் கண்விழிக்கும் நேரத்தில் திரும்பிவிடலாம். கணவன், மனைவி இருவருமே டைவர்கள் என்றால் முறை வைத்து இறங்கலாம். இருவரும் ஒன்றாக இறங்கியே தீர வேண்டும் என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்த பிறகு இறங்குங்கள். “பக்கத்துக் குடையில் இருக்கிறவர் பார்த்துக்கொள்வார்” என்பது ஏற்பாடு ஆகாது.

கரையிலிருந்து நீந்தியே போய்ச் சேரக்கூடிய மூழ்கிய கப்பல்கள் எல்லாம் ஒரே ரகமல்ல. பாலித் தீவின் துலாம்பெனில் கிடக்கும் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகிக் கரையேற்றப்பட்டது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதன் மேல்பகுதி ஏறக்குறைய 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. கரீபியன் கடலின் பொனேர் தீவில் 1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற கப்பலையும் கரையிலிருந்து நீந்தி அடையலாம். ஆனால் அது ஒருக்களித்துக் கிடக்கிறது, அதன் மேட்டுப் பகுதியே 18 மீட்டர் அளவில்தான் தொடங்குகிறது, தரை 30 மீட்டரில். இரண்டையும் ‘எளிதான கரை டைவ்’ என்று ஒரே பட்டியலில் எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஆழம் குறைந்துவிடாது.

அடிப்படைச் சான்றிதழ் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு, டைவிங் பயிற்சியும் சான்றிதழும் தரும் பிஏடிஐ (PADI) அமைப்பு சொல்லும் எல்லை 18 மீட்டர். அடுத்த நிலைப் பயிற்சி முடித்தவர்களுக்கு 30. பிள்ளைகள் 10 வயதில் சான்றிதழ் பெறலாம், ஆனால் 10, 11 வயதினர் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. சான்றிதழ் பெற்ற பெற்றோரோ தொழில்முறைப் பயிற்றுநரோ உடன் இருந்தே ஆக வேண்டும். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விதி அனுமதித்தாலும், பிள்ளையும் நீங்களும் மட்டும் ஜோடியாக இறங்காதீர்கள். நீருக்கடியில் உங்களுக்கு ஏதாவது ஆனால் 11 வயதுக் குழந்தையால் உங்களை மேலே கொண்டுவர முடியுமா? வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக் கணக்கில் சறுக்குவதும் பெரும்பாலும் மூழ்கிய கப்பல்களில்தான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிச்சம் 1,800 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பதால் இரு மடங்கு, அதாவது 40 லிட்டர் இழுப்பார். 45 நிமிடம் வரும். அதே ஆள் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார். 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மேலே ஏறும் நேரத்தையும் சேர்த்து. போதாக்குறைக்கு, மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று காத்திருக்கும் நிறுத்தங்கள் இல்லாமல் 30 மீட்டரில் தங்கக்கூடிய நேரமே ஏறக்குறைய 20 நிமிடம்தான். கப்பலின் அடிப்பகுதியை முதலில் பார்த்துவிட்டு மெல்ல மேலேறி, மிச்ச நேரத்தை மேல்தளத்தில் கழிப்பதே சரி. பலர் மேல்தளத்து மீன்களிடம் காற்றைச் செலவழித்துவிட்டுக் கடைசியில் “உந்துவிசிறியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம்” என்று கீழே பாய்கிறார்கள்.

இனி அலை. டைவிங் பாடங்கள் ஆழத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கரையை ஒட்டிய கடைசி ஐந்து மீட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில அடித்து ஓய்ந்த பிறகு ஒரு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் இறங்க வேண்டும். வாயில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர், ஒரு கை மாஸ்க்கின் மேல், இன்னொரு கை ஜோடியின் தோளில். கால்களைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள். துலாம்பெனில் இருப்பது மணல் கிடையாது. தலையணை அளவுக்கு உருண்ட கருங்கற்கள், பாசி படிந்து வழுக்கும். திரும்பும்போதுதான் விபத்து அதிகம். இடுப்பளவு நீருக்கு வந்ததும் “வந்து சேர்ந்துவிட்டோம்” என்று ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, குனிந்து காலில் மாட்டிய துடுப்புகளான ஃபின்களைக் கழற்றுவார்கள். முதுகில் பதினைந்து கிலோவுக்கு மேல் சுமை, ஒற்றைக் காலில் நிற்கும்போது பின்னாலிருந்து ஓர் அலை. விழுந்தால் எழ முயலாதீர்கள், தவழ்ந்து வாருங்கள். பார்க்க அழகாக இருக்காது. பிள்ளைகள் படம்கூட எடுப்பார்கள். எடுக்கட்டும்.

போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும். நான் அன்று இதை மாற்றிச் செய்ததால்தான் எங்கோ கரையேறினேன். அதற்குப் பிறகு, இறங்குவதற்கு முன் ஒரு தாளை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இறங்கும் நேரம், திரும்பும் நேரம், நீரோட்டம் இழுத்தால் எந்தப் பக்கம் கரையேறுவேன், எத்தனை மணிக்கு மேல் உதவிக்கு அழைக்க வேண்டும், எந்த எண். திரும்பும் நேரத்தில் அரை மணி கூட்டியே எழுதுகிறேன். முன்னதாக வந்தால் யாருக்கும் கோபம் வராது.

கப்பலுக்குள் நுழைவதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை: அதற்கென்று பயிற்சி பெறாதவர் நுழையக் கூடாது. ஆனாலும் நுழைகிறார்கள், ஏனென்றால் வாசலில் நின்று பார்க்கும்போது உள்ளே தெளிவாகத்தான் தெரியும். நுழைந்து ஃபினை ஒருமுறை அடித்ததும் பல ஆண்டுகளாகப் படிந்த வண்டல் பால் போலக் கலங்கி எழும். வெளியேறும் மூச்சுக் குமிழ்கள் கூரையிலிருந்து துருவை உதிர்க்கும். அரை நிமிடத்தில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. வந்த வழி எது என்று சுவரைத் தடவித்தான் தேட வேண்டியிருக்கும். பயிற்சி பெற்றவர்கள் வாசலில் கட்டிய கயிற்றை அவிழ்த்து நீட்டிக்கொண்டே போவதும், காற்றில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்புவதும் இதற்காகத்தான். வெளியிலேயே சுற்றினாலும், கப்பலில் சிக்கிய மீன்வலைகளை அறுக்க ஒரு சிறு கத்தி இருக்கட்டும், சில இடங்களில் அதற்கும் தடையுண்டு என்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு.

புறப்படும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய ஒரு வேலை மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா, காது அறுவை, இதய மருந்து என்று குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு “ஆம்” என்று எழுதினால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். தீவில் இறங்கிய மறுநாள் மருத்துவரைத் தேடி அலைவதில் ஒரு நாள் போய்விடும், அல்லது ஆசையில் “இல்லை” என்று பொய்யெழுதுவீர்கள். சளி பிடித்திருந்தால் மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் இதே ரகம்தான்: ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே ஏறும் வழியில் காது அடைத்துக்கொள்ளும். காப்பீட்டு ஆவணத்தில் டைவிங் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசி நாள் மிச்சம். சிறந்த கப்பலைக் கடைசி நாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரமாவது, பல நாள்கள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. விமானத்தை நினைவில் வைப்பவர்களும் மலையை மறந்துவிடுகிறார்கள். துலாம்பெனில் டைவ் முடித்த அன்றே எரிமலை ஏரியைப் பார்க்கக் கிந்தாமணிக்குக் காரில் ஏறினால், அந்தச் சாலை 1,400 மீட்டர் உயரத்தைத் தொடும். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழ்களாகக் கிளம்பக்கூடிய, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானமும் காரும் ஒன்றுதான்.

அந்த 18 மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். லிபர்ட்டியைப் போல மேடான பகுதி உள்ள கப்பல் என்றால், மாஸ்க்கும் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயும் மட்டும் மாட்டிக்கொண்டு எல்லோரும் அதன் மேலே மிதக்கலாம். வாரம் முழுவதும் நீங்கள் எங்கே போய் வந்தீர்கள் என்று அங்கிருந்தபடியே கைநீட்டிக் காட்டலாம். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே பாய்ந்து காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.